தெருவையே பூட்டிய சாவி

இன்று அறிவியல் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியைப் பார்ப்போம்.

உயிரணுவுக்குள் ஒரு புரதம் என்ன வேலை செய்கிறது என்று எப்படி அறிவது? அதை மட்டும் நிறுத்திவிட்டு, எது கெடுகிறது என்று பார்ப்பது ஒரு வழி. அப்படி நிறுத்த உதவும் சிறிய வேதிப்பொருளை ஆய்வகங்களில் ‘கெமிக்கல் புரோப்’ என்பார்கள். ஒரு வீட்டைப் பூட்டும் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவி தெருவையே பூட்டிவிட்டால், கடைக்குப் பால் வராமல் போனது எந்த வீட்டால் என்று சொல்ல முடியுமா?

1994இல் எல்ஒய்294002 என்ற பொருள் அறிமுகமானது. பிஐ3கே என்ற நொதியைத் தடுக்கும் என்றார்கள். தடுத்தது. ஆனால் 2000இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஃபிலிப் கோஹனின் குழு, விற்பனையில் இருந்த 28 தடுப்பான்களைப் பல நொதிகளோடு சோதித்துப் பார்த்தது. எல்ஒய்294002 வேறொரு நொதியையும் ஏறக்குறைய அதே வலுவோடு தடுத்தது. இது அச்சில் வந்த பிறகும் பலர் அதையே வாங்கிப் பயன்படுத்தினார்கள். பழகிய பெயர் அல்லவா!

பெயரை நம்புவதன் விலையை இனிபரிப் காட்டியது. பார்ப் என்ற நொதியைத் தடுக்கும் மருந்து என நம்பி, மார்பகப் புற்றுநோய் கண்ட 519 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 2011இல் அந்தச் சோதனை தோற்றது. அடுத்த ஆண்டு வந்த ஆய்வுகள், அது உயிரணுவில் பார்ப்பைத் தடுக்கவே இல்லை, கண்ட புரதங்களோடெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்றன. இதற்குள் பார்ப் தடுப்பு என்ற கருத்தின் மீதே ஐயம் விழுந்திருந்தது. 2014இல் உண்மையான பார்ப் தடுப்பானான ஒலாபரிப், சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. குற்றம் கருத்தில் இல்லை, சாவியில் இருந்தது.

நல்ல சாவிக்கும் உதாரணம் உண்டு. 2010இல் ஜே பிராட்னர் குழு ஜேக்யூ1 என்ற பொருளை வெளியிட்டபோது, வேலை செய்யாத அதன் கண்ணாடிப் பிம்ப வடிவத்தையும் சேர்த்தே தந்தது. இரண்டும் ஒரே விளைவைத் தந்தால், அது குறிவைத்த புரதத்தால் வந்ததல்ல என்று புரிந்துவிடும்.

2015இல் பல ஆய்வாளர்கள் கூடி இத்தகைய அளவுகோல்களை முன்வைத்தார்கள். குறைந்த அளவிலேயே தடுக்க வேண்டும். நெருங்கிய உறவுப் புரதங்களைவிடக் குறிவைத்ததை 30 மடங்காவது வலுவாகத் தடுக்க வேண்டும். உயிரணுவுக்குள்ளும் அது நடக்க வேண்டும்.

புட்டியில் ஒட்டிய பெயர் ஒரு வாக்குறுதிதான். அதைச் சோதிக்காமல் விட்டதன் சுமை நோயாளிகள் மீது விழுந்தது.