வானத்துக் குடை – 7: காணாமல் போன நூற்றைம்பது

பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் நின்று ஜருகுமலைப் பக்கம் அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலிருக்கும் ஓசோன் முழுவதையும் வழித்தெடுத்து, தரைக் காற்றின் அழுத்தத்தில் இங்கே பரப்பினால் மூன்று மில்லிமீட்டர் தேறாது. ஒரு தோசைக் கனம். ஓசோனை அளக்கும் டாப்சன் அலகில் நூறு என்றால் ஒரு மில்லிமீட்டர் கனம். இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள்.

இந்தத் தோசையை நம் ஊர்ப்பக்கம் முதலில் அளந்தது கோடைக்கானலில். 1928இல் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானி டாப்சன், ஓசோனை அளக்கும் தன் கருவிகளை நான்கு திசைக்கு அனுப்பினார்: எகிப்தின் ஹெல்வான், கலிஃபோர்னியாவின் டேபிள் மவுண்டன், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், நம் கோடைக்கானல். சூரிய ஒளி பதிந்த கண்ணாடித் தகடுகளை இங்கே யாரும் கழுவவில்லை. அத்தனையும் கப்பலேறி ஆக்ஸ்ஃபோர்டு போயின. கழுவியதும் அளந்ததும் அங்கேதான். விடை தெளிவாக வந்தது. வெப்பமண்டலத்தில் ஓசோன் குறைவு, வருடம் முழுக்கப் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. துருவத்தை நெருங்க நெருங்க அதிகம், வசந்தத்தில் உச்சம்.

அப்படியானால் தென்துருவத்திலும் அதே கதைதானே? 1956இல் அண்டார்க்டிகாவின் ஹாலி பே நிலையத்தில் அளவை தொடங்கியது. இருண்ட குளிர்காலம் முடிந்து செப்டம்பர், அக்டோபரில் வந்த எண்கள், வடதுருவப் பக்கத்து ஸ்பிட்ஸ்பெர்கனை வைத்து எதிர்பார்த்ததைவிட சுமார் 150 அலகு குறைவு. ஒன்றரை மில்லிமீட்டரைக் காணோம்! கருவியில் கோளாறா, ஆளின் பிழையா? நவம்பரில் எண் திடீரென எகிறி எதிர்பார்த்த இடத்துக்கே வந்தது. மறுவருடமும் அப்படியே.

அது ஓசோன் ஓட்டை அல்ல. இதைப் பிடித்துக்கொண்டு "ஓட்டை அன்றைக்கே இருந்தது" என்று வாதாடுபவர்கள் இன்றும் உண்டு, அவர்களை நம்பவேண்டாம். தெற்கே குளிர்காலச் சுழற்காற்று வசந்தத்திலும் கலையாமல் நின்று, ஓசோன் மிகுந்த காற்றை உள்ளே விடவில்லை. அவ்வளவுதான். அன்றும் அக்டோபரில் 300 அலகு அளவில் இருந்தது.

1970களின் இறுதியிலிருந்து அந்த 300 கரையத் தொடங்கியது. ஹாலி பேயில் இருந்ததோ குளிர் தாக்காமல் போர்வை சுற்றிவைத்த பழைய கருவி. அந்த அளவைகளைக் கவனித்துவந்த விஞ்ஞானி ஜோசஃப் ஃபார்மனின் சந்தேகம் முதலில் அதன்மேல்தான் விழுந்தது. 1978 முதல் ஓசோனை அளந்தபடி மேலே சுற்றிவந்த அமெரிக்காவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் வாய் திறக்கவில்லையே!

இங்கிலாந்திலிருந்து இன்னொரு டாப்சன் கருவி ஹாலி பேக்குப் புறப்பட்டது.

(தொடரும்)