கணினிக்கு மொழி கற்பித்த கிரேஸ் ஹொப்பர் அம்மையார்

அறிவுத்துறையிலே புதுவழி கண்டோரின் வரலாற்றை நாம் ஆராயுமிடத்து, அவர்தம் கூர்மதியினும் மேலாக அவர்தம் அஞ்சாமையே எம்மை வியக்கவைக்கின்றது. கணினித்துறையின் முன்னோடிகளுள் ஒருவராகிய கிரேஸ் ஹொப்பர் அம்மையாரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலே பிறந்தார். ஏழு வயதுச் சிறுமியாயிருந்தபோது, மணிக்கூடு இயங்கும் விதத்தை அறியும் ஆவலால், வீட்டிலிருந்த ஏழு மணிக்கூடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிவிட்டார். அன்னையாரோ அவ்வாராய்ச்சியை முற்றாகத் தடுத்தாரல்லர். ஒரு மணிக்கூட்டோடு அமையுமாறு மட்டும் பணித்தார். பதினாறாம் வயதில் வாசார் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, இலத்தீன் பாடத்திற் புள்ளி குறைந்தமையால் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் முயன்று சேர்ந்தவர், 1934இல் யேல் பல்கலைக்கழகத்திலே கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஒருமுறை தவறியதும் மனமுடையும் எம்போன்ற மாணாக்கர்க்கு இஃது ஆறுதலன்றோ!

உலகப்போர்க் காலத்தில், 1943இல், கடற்படைச் சேமப்படையிற் சேர விழைந்தார். வயது கூடியது, உடல்நிறை குறைந்தது என்று தடைகள் எழுந்தன; விசேட அனுமதி பெற்றுச் சேர்ந்தார். ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் 51 அடி நீளமுடைய ‘மார்க் 1’ என்னும் கணிப்பொறியிலே பணிபுரியுமாறு அனுப்பப்பட்டார்.

அந்நாளிற் கணினிக்கு ஆணையிடுவோர் யாவற்றையும் எண்களாகவும் குறியீடுகளாகவும் எழுதவேண்டியிருந்தது. ஓரெண் பிறழினும் கணக்கு முழுதும் பிறழும். மனிதர் பொறியின் மொழியைக் கற்பதேன், பொறி மனிதர் மொழியைக் கற்றாலென்ன என்று அம்மையார் வினாவினார். மனிதர் எழுதும் ஆணைகளைப் பொறிக்குரிய எண்களாகக் கணினியே மாற்றும் தொகுப்பி என்னும் ஏற்பாட்டின் முன்னோடியை 1952இல் ஆக்கினார். கணினி கணக்குமட்டுமே செய்யும் என நம்பியிருந்தோர் அதனை எளிதில் ஏற்றாரல்லர்.

பின்னர் ஆங்கிலச் சொற்களாலேயே ஆணையிட்டுக் காட்டினார். அதே ஆணைகளைப் பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளிலும் இயக்கிக் காட்டியபோது, நிறுவன மேலாளர்கள் திகைத்தனர்! அமெரிக்காவிற் செய்த பொறிக்குப் பிறநாட்டு மொழி எவ்வாறு விளங்கும் என்பது அவர்தம் ஐயம். பொறிக்கோ எம்மொழியும் குறியீட்டுத் தொகுதியே; அதற்குத் தன்மொழி பிறமொழி என்னும் பேதமில்லை. இவ்வுண்மையை அம்மையார் அன்றே உணர்ந்திருந்தார். அவர் வகுத்த வழியைத் தழுவி 1959இல் உருவாகத் தொடங்கிய ‘கோபோல்’ மொழி, இன்றும் வங்கிகளிலும் அரச அலுவலகங்களிலும் தொழிற்படுகின்றது.

1966இல் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றவரை அடுத்த ஆண்டே மீள அழைத்தனர். ரியர் அட்மிரல் பதவிக்கு உயர்ந்து, 1986இல், 79ஆம் வயதிலே விடைபெற்றார். 1992 சனவரி முதலாந் திகதி மறைந்தார்.

அவரது அலுவலகச் சுவரில் இடஞ்சுழியாகச் சுற்றும் மணிக்கூடொன்று தொங்கியது. அதுவும் சரியான நேரத்தையே காட்டியது! ‘இப்படித்தான் என்றும் செய்துவந்தோம்’ என்னும் எண்ணத்தை அவர் பெரிதும் வெறுத்தார். இளைஞர்காள், வினாவ அஞ்சாதிருப்போமாக! பெரியோர்களே, மணிக்கூட்டைக் கழற்றும் பிள்ளைக்கு ஒரு மணிக்கூடேனும் விட்டுவையுங்கள்!