பல்வங்கர் பாலு

பல்வங்கர் பாலு பிரித்தானிய இந்தியாவில் விளையாடிய இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஆவார். இந்தியத் துடுப்பாட்டத்தின் முதல் பெரும் பந்து வீச்சாளர்களுள் ஒருவராகவும், நாடறிந்த முதல் தலித் விளையாட்டு வீரராகவும் கருதப்படுகிறார். 1955 ஜூலையில் பம்பாயில் காலமானார்.

இளமை

1870களின் நடுப்பகுதியில், இன்றைய கர்நாடகத்திலுள்ள தார்வாடில், தீண்டத்தகாதோராக நடத்தப்பட்ட சமார் சாதியில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணியாற்றினார். புனேயில் ஐரோப்பியர் மன்றம் ஒன்றில் ஆடுகளத்தைச் சமன்செய்தல், வலை கட்டுதல் ஆகிய வேலைகளைச் செய்தார். மாத ஊதியம் 4 ரூபாய். அங்கு ஜே. ஜி. கிரெய்க் முதலான வீரர்களுக்குப் பயிற்சியின்போது பல மணி நேரம் பந்து வீசித் தேர்ச்சி பெற்றார். ஆனால் துடுப்பெடுத்து ஆட அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை.

சமூகவாரிப் போட்டிகள்

அக்காலத்தில் பம்பாயில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என அணிகள் சமூகவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சென்னைச் சேப்பாக்கத்திலும் பொங்கலையொட்டி ஐரோப்பியர், இந்தியர் அணிகள் மோதும் மாகாணப் போட்டி நடைபெற்றது.

பாலு இந்துக்கள் அணியில் விளையாடினார். அணிக்குள்ளும் சாதிப் பிரிவினை இருந்தது. புனேயில் களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்ட சக வீரர்கள், இடைவேளையில் அவருக்கு ஓய்வறைக்கு வெளியே மண் குவளையில் தேநீர் அளித்தனர். உணவும் தனியிடத்திலேயே பரிமாறப்பட்டது. 1906இல் இந்துக்கள் அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றபோது, பாலு 8 இலக்குகளை வீழ்த்தினார். 1911இல் பட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் இடம்பெற்று, அனைத்து ஆட்டங்களிலும் சேர்த்து 100க்கும் மேற்பட்ட இலக்குகளைக் கைப்பற்றினார்.

தலைமைப் பதவி மறுப்பு

இத்தகைய சாதனைகளுக்குப் பின்னரும் அணித்தலைவர் பதவி அவருக்கு வழங்கப்படவில்லை. 1920இல் அவர் அணியிலிருந்து நீக்கப்பட்டதை எதிர்த்து, தம்பியர் சிவராம், விட்டல் ஆகியோர் விலகினர். பின்னர் மூவரும் சேர்க்கப்பட்டு, பாலு துணைத்தலைவரானார். தலைவர் எம். டி. பை களத்தைவிட்டு வெளியேறிய வேளையில் பாலு அணியை வழிநடத்தினார். 1923இல் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார்.

அரசியல்

1911 சுற்றுப்பயணத்திற்குப் பின் பாலுவைப் பாராட்டியவர்களுள் இளைஞர் அம்பேத்கரும் ஒருவர். எனினும் 1932இல் தனித்தொகுதிச் சிக்கலில் பாலு, சென்னையைச் சேர்ந்த எம். சி. ராஜாவைப் போலக் காந்தியின் நிலைப்பாட்டை ஆதரித்தார். புனே ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். 1937 பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார்.

மறுமதிப்பீடு

இந்தியா தனது முதல் தேர்வுப் போட்டியை 1932இல் தான் விளையாடியது. அதற்குள் பாலு ஓய்வு பெற்றுவிட்டதால், தேர்வுப் போட்டிப் பதிவுகளில் அவர் பெயர் இல்லை. 2002இல் வெளியான வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகாவின் நூல் அவரைப் பரவலாக மீண்டும் அறியச் செய்தது.