எட்டாம் நாள் நோய்

ஸ்கொத்லாந்து தேசத்தின் மேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்தில், செயின்ற் கில்டா என்னும் சிறு தீவுக்கூட்டம் ஒன்று உண்டு. வட யூயிஸ்ற் என்னுந் தீவிலிருந்து ஏறத்தாழ 40 மைல் கடல் கடந்தே அங்குச் செல்லுதல் வேண்டும். குளிர்காலத்திலே மாதக் கணக்காகப் படகு எதுவும் அதனை அணுகுவதில்லை. மரமொன்றேனும் நில்லாத அந்நிலத்தில் வாழ்ந்த மக்கள் கடற்பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் உண்டு, பறவை நெய்யையும் இறகையும் குத்தகையாகச் செலுத்திக் காலங்கழித்தனர். ஆயிரம் அடி உயரமான பாறைகளிலே கயிறு கட்டி இறங்கிப் பறவை பிடிப்பதில் அவர்களுக்கு நிகரானவர் இலர். இத்துணை நெஞ்சுரம் படைத்த மாந்தருக்கு ஒரு காரியம் மாத்திரம் கைகூடவில்லை. தாம் பெற்ற குழந்தைகளை முதல் வாரத்துக்கு அப்பால் உயிருடன் காத்தல் அவர்களால் இயலவில்லை.

1758 ஆம் ஆண்டில் அத்தீவுக்குச் சென்ற கென்னத் மக்கோலி என்னும் போதகர், தாம் கண்டறிந்தவற்றை 1764 இல் ஒரு நூலாக வெளியிட்டார். அங்கே பிறக்கும் குழந்தை முதல் மூன்று நாட்களும் நன்றாகவே இருக்கும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பால் குடிப்பதை விட்டுவிடும். ஏழாம் நாள் தாடை இறுகிப்போகும். ஒரு துளி பாலும் வாய்க்குள் செல்லாது. பின்னர் வலிப்பு வரும். எட்டாம் நாள் பெரும்பாலும் உயிர் பிரிந்துவிடும். இதனாலேயே அந்நோய்க்கு 'எட்டாம் நாள் நோய்' என்று பெயர் வழங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்த குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றை இந்நோயே கொண்டுபோயிற்று. ஒரே தாய் பல பிள்ளைகளை இவ்வாறு பறிகொடுத்தலும் அங்கே புதுமையன்று. அம்மக்கள் இதனை இறைவனின் சித்தம் என்று ஏற்றுக்கொண்டனர்.

வெளியிலிருந்து வந்த கனவான்களோ காரணங்கள் பல கூறினர். பறவை நெய் கலந்த தாயின் உணவே காரணம் என்றார் ஒருவர். நெருங்கிய உறவினருள் மணஞ் செய்தலே காரணம் என்றார் வேறொருவர். புகை நிறைந்த குடிசைகளைப் பழித்தவரும் உளர். குடிசைகளைப் பழித்தவர் கூற்றிலே ஓரளவு நியாயம் இருந்தது. பழைய வீடுகளில் குளிர்காலம் முழுவதும் மாடும் மனிதரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். சாணமும் சாம்பலும் தரையிலேயே படிந்து, இளவேனிலில் வயலுக்கு எருவாகச் சென்றன. ஆயினும் 1860 ஆம் ஆண்டை அடுத்து நிலவுடைமையாளர் 16 புது வீடுகள் கட்டிக் கொடுத்த பின்னரும் நோய் தீர்ந்தபாடில்லை. வீடு மாறிற்று; பிள்ளைப்பேற்றின் முறை மாறவில்லை.

இதே துன்பம் ஐஸ்லாந்துக்குத் தெற்கேயுள்ள வெஸ்ற்மன் தீவுகளிலும் இருந்தது. அங்கும் மக்கள் கடற்பறவையை நம்பி வாழ்ந்தவர்களே. 1847 இல் தென்மார்க்கு அரசாங்கம் சிலைஸ்னர் என்னும் இளம் வைத்தியரை அங்கு அனுப்பிற்று. அவர் பிரசவத்துக்கெனத் தனி வீடொன்றை அமைத்து, துப்புரவையும் தாய்ப்பாலையும் வற்புறுத்தி, கொப்பூழுக்குத் தைல மருந்து ஒன்றையும் பயன்படுத்தினார். இறப்புக்கள் விரைவில் பெரிதுங் குறைந்தன. கிருமியால் நோய் வரும் என்பதை வைத்திய உலகம் இன்னும் ஏற்றுக்கொள்ளாத காலத்தில் இது நிகழ்ந்தது என்பதை நேயர்கள் கருத்திற்கொள்ளல் வேண்டும். எனினும் அச்செய்தியால் செயின்ற் கில்டாத் தாய்மார் பயனடையவில்லை. இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் குழந்தைகளைப் புதைத்துக்கொண்டிருந்தனர்.

1880 களில் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் அத்தீவுக்கு அனுப்பப்பட்டார். ஆனால் தீவுப் பெண்கள் தம் ஊர் மருத்துவிச்சியையே நாடினர். கேலிக் மொழியில் மருத்துவிச்சிக்கு 'முழங்காற் பெண்' என்று பெயர். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கையிலேந்திய அவளை விட்டு, அயலூராள் ஒருத்தியிடம் தம்மை ஒப்படைக்க அவர்கள் மனங்கொள்ளவில்லை. இதனை அறியாமை என்று இகழ்ந்துவிடுதல் எளிது. பேற்றுநோவில் கிடப்பவள் தனக்குப் பழகிய கையையே தேடுவாள் என்பதை எந்த ஊர்த் தாயும் அறிவாள்.

1889 இல் அங்குப் போதகராக வந்தவர் அங்கஸ் பிடெஸ். அவர் சவ அடக்கம் செய்வதோடு தம் கடமை முடிந்ததென்று இருந்துவிடவில்லை. கிளாஸ்கோ நகருக்குச் சென்று, கிருமி நீக்கும் முறையையும் பிரசவ காலப் பராமரிப்பையும் கற்று வந்தார். கார்போலிக் அமிலத்தைக்கொண்டு காயங்களைக் காக்கும் முறையை லிஸ்ரர் 1865 இல் தொடங்கியதும் அதே நகரத்திலேதான். போதகர் தீவாருள் ஒருவராக வாழ்ந்தமையால் அவர் சொல் மெல்ல மெல்ல ஏறிற்று. கொப்பூழைத் துப்புரவாகப் பேணும் வழக்கம் நிலைபெற்றது. எட்டாம் நாள் நோயால் அங்கே ஒரு குழந்தை இறந்தது 1891 இலேயே கடைசி. ஆயினும் குடித்தொகை தேறவில்லை. 1930 ஆகஸ்ட் 29 ஆந் திகதி எஞ்சியிருந்த 36 பேரும் தம் வேண்டுகோளின்படியே தீவை விட்டுக் கப்பலேறினர்.

அந்நோய் யாது? இலங்கையில் ஏற்புவலி என்று வழங்கப்படுவதே அது. 1884 இல் நிக்கலேயர் என்னும் ஜெர்மானியர் மண்ணிலே அதன் கிருமி இருத்தலைக் காட்டினார். 1889 இல் ஜப்பானியராகிய கித்தாசாத்தோ அதனைத் தனியே பிரித்தெடுத்தார். மண்ணிலும் சாணத்திலும் அதன் வித்திகள் நெடுங்காலம் அழியாது கிடக்கும். அறுத்த கொப்பூழ்க்கொடி ஒரு காயமே. தூய்மையற்ற கத்தியோ, அழுக்குத் துணியோ, பூசப்படும் பொருளோ அவ்வித்தியை அதனுட் கொண்டு சேர்க்கும். அங்கே அது வளர்ந்து நஞ்சை வெளியிடச் சில நாட்கள் செல்லும்; முதல் மூன்று நாட்களும் குழந்தை நலமாக இருந்த காரணம் அதுவே. செயின்ற் கில்டாவில் பறவை நெய்யைக் கொப்பூழிற் பூசினர் என்றும், அது சேமித்து வைக்கப்பட்ட பறவை இரைப்பையிலிருந்து கிருமி வந்தது என்றும் சிலர் கூறுவர். வேறு சிலர் இதனை மறுப்பர். வழக்கு இன்னும் தீரவில்லை.

கத்தியைத் தூய்மையாக்கிய பின்னரும் உலகத்தில் இந்நோய் ஒழிந்துவிடவில்லை. 1988 இல் மாத்திரம் ஏறத்தாழ 7,87,000 பச்சிளங் குழந்தைகள் இதனால் மாண்டன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கருப்பவதிக்குத் தடுப்பூசி ஏற்றினால், தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி கருவிலிருக்கும் பிள்ளைக்கும் செல்லும். பிள்ளை காவலோடு பிறக்கும். இலங்கையில் 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. அதனைத் தொடர்ந்து நாடெங்கும் மருத்துவமாதர் வீடு வீடாகச் சென்று தாய்மாரைப் பார்த்துவந்தனர். ஊராருக்குப் பழகிய முகமாக அவர்கள் ஆகிவிட்டமையால், 1969 இல் கருப்பவதிகளுக்கான தடுப்பூசி வந்தபோது அதனைக் கொண்டுசெல்ல வழி ஆயத்தமாக இருந்தது. 2016 இல் தென்கிழக்காசியப் பிராந்தியத்தின் எந்த மாவட்டத்திலும் இந்நோய் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றென்னும் அளவையேனும் எட்டவில்லை என்று உறுதிசெய்யப்பட்டது.

இன்று மருத்துவமனையிற் பிறக்கும் குழந்தையின் கொப்பூழிலே நெய்யோ, சாம்பலோ, மஞ்சளோ எதுவும் பூசலாகாது என்பதே வைத்தியரின் அறிவுரை. அதனைத் துப்புரவாக, காற்றுப்பட, உலர விட்டுவிடுவர். ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் அது தானாகவே உதிர்ந்துவிடும்.