உணவுபோல் வந்த நஞ்சு

பழனி மலைத்தொடரில், கோடைக்கானலில் 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துச் சூரியனின் இயல்பை ஆராய்ந்து வருகிறது. எட்டாத பொருளை நிறத்தைக் கொண்டு அறியும் கலை வேதியியலாருக்கும் கைவந்ததே. இரத்தத்திலுள்ள பாஸ்பரஸின் அளவை, கரைசலில் தோன்றும் நீல நிறத்தின் அழுத்தத்தைக் கொண்டு கணக்கிடும் முறை 1925இல் வெளிவந்தது. ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்பது அதன் பெயர். அந்தச் சுப்பாராவே பின்னாளில் புற்றுநோய்க்கு எதிராக ஒரு புதிய வழி திறக்கக் காரணமானார்.

சென்னையிலிருந்து ஹார்வர்டு

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். உடன்பிறந்தவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். பின்னர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிஸ்கேயுடன் ஆராய்ச்சி செய்தார். ஆனால் அங்கு அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், பம்பாயில் கருவுற்ற பெண்களின் சோகை ஈஸ்ட் சாற்றால் தீர்வதைக் கண்டிருந்தார். அதற்குக் காரணமான பொருள் ஃபோலிக் அமிலம் எனப் பின்னர் தெரியவந்தது. சுப்பாராவின் தலைமையிலான குழு 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளின் சோகைக்கும் அது மருந்தாயிற்று.

திரும்பாத சாவி

உயிரணு இரண்டாகப் பிரியவேண்டுமானால் புதிய டி.என்.ஏ. தேவை. அதை உருவாக்கும் வேலையில் ஃபோலிக் அமிலத்துக்குப் பங்குண்டு. ஆனால் அது முதலில் ஒரு நொதியால் (என்சைமால்) மாற்றப்படவேண்டும். பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் விரைவதுபோல் கண்டார். அப்படியானால் இதற்கு எதிரான பொருள் நோயைத் தடுக்குமல்லவா?

சுப்பாராவின் குழு அத்தகைய பொருள்களை ஆக்கித் தந்தது. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். ஃபோலிக் அமில மூலக்கூறில் ஆக்சிஜன் இருக்கும் ஓரிடத்தில் அமினோ தொகுதியை வைத்தால் கிடைப்பது அது. நொதி இதை உணவென்றே பற்றிக்கொள்ளும். ஆனால் பூட்டினுள் நுழைந்த தவறான சாவி போல, அது திரும்புவதுமில்லை, எளிதில் வெளிவருவதுமில்லை.

1948இல் ஃபார்பர் தம் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. எனினும் அது தற்காலிகத் தணிவே, நோய் திரும்பியது. அவ்வாண்டு ஆகஸ்டில், 53ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார். இதற்கு நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட், 1956இல் நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் ஒரு புற்றுநோயையே குணப்படுத்தியதை அவர் காணவில்லை.

நோய் ஏன் திரும்பியது?

விடை 1978இல் ஒரு பகுதி கிடைத்தது. ராபர்ட் ஷிம்கே முதலியோர், மருந்துக்கு அடங்காத எலிப் புற்றணுக்களை ஆராய்ந்தனர். அவற்றில் அந்த நொதியை ஆக்கும் ஜீன் ஏறத்தாழ 200 மடங்கு பெருகியிருந்தது. நொதியின் அளவும் அவ்வாறே. சாவிகளைவிடப் பூட்டுகள் மிகுந்துவிட்டன! வேறு சில உயிரணுக்கள் மருந்தை உள்ளே விடுவதில்லை. சில, நொதியின் வடிவையே மாற்றிக்கொள்கின்றன. மருந்து எதிரியைத் தந்திரசாலி ஆக்குவதில்லை. தற்செயலாக மாறிய சில அணுக்களை மட்டும் விட்டுவைக்கிறது, அவை பெருகுகின்றன.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு மருந்துக்கு அடங்காத அணு பத்து லட்சத்தில் ஒன்று எனக் கொள்வோம். வேறு வழியில் தாக்கும் இரண்டாவது மருந்துக்கும் அவ்வாறே. இரண்டுக்கும் ஒருங்கே அடங்காத அணு, ஒரு லட்சம் கோடியில் ஒன்றாகத்தான் இருக்கும். மருந்துகளை ஒருசேரக் கொடுப்பதன் பயன் இதுவே. 1960களில் மெத்தோட்ரெக்சேட்டுடன் மேலும் மூன்று மருந்துகளைச் சேர்த்துச் சிகிச்சை தொடங்கியபோதுதான், தணிவு நீண்டு, சில குழந்தைகள் முழுதும் பிழைக்கலாயினர். இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் வகை இரத்தப் புற்றுநோயில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

1948இல் நோய் திரும்பியதைக் கண்டு இம்முயற்சியைக் கைவிட்டிருந்தால் இந்த நிலை வந்திராது. முதல் மருந்து வென்ற விதத்தைப் போலவே, அது தோற்ற விதமும் ஆராயத்தக்கதாயிற்று.