கடல்வழி காட்டிய விண்மீன்கள்

நம் வட்டாரத்துப் பழவேற்காடு ஒரு காலத்தில் உலகறிந்த துறைமுகம். 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினர். நம் நெசவாளரின் துணிகள் அங்கிருந்து கீழைத் தீவுகளுக்குக் கப்பலேறின. கரை மறைந்த நடுக்கடலில் மாலுமிகள் தாம் இருக்கும் இடத்தை எவ்வாறு அறிந்தனர்?

துருவ நட்சத்திரம் தொடுவானத்திற்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. பழவேற்காட்டில் அது சுமார் 13½ பாகை. நாகப்பட்டினத்தில் 11 பாகைக்கும் குறைவு. இவ்வுண்மையை நம் கரையோர மாலுமிகள் நன்கறிந்திருந்தனர். முடிச்சுகள் இட்ட கயிறு கோத்த சிறு பலகையே அவர்களது கருவி. இராப்பலகை என்பது அதன் பெயர். கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பைத் தொடுவானத்திலும் மேல் விளிம்பை விண்மீனிலும் பொருத்துவார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஓர் ஊரின் அட்சரேகை! சோழமண்டலக் கரையின் இக்கருவியைக் காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1850-இல் எழுதி வைத்தார்.

ஆனால் ஆடும் கப்பலில் இரு விளிம்புகளையும் ஒரே நேரத்தில் பார்ப்பது எளிதன்று. இக்குறையைத் தீர்த்தவை இரண்டு கண்ணாடிகளே. 1731-இல் ஜான் ஹாட்லி என்பவர் இம்முறையில் அமைத்த கருவியிலிருந்து, அதே நூற்றாண்டில் செக்ஸ்டண்ட் பிறந்தது. வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு என்பதே இவ்விலத்தீன் பெயரின் பொருள். நகரும் கையிலுள்ள கண்ணாடி விண்மீனின் ஒளியைப் பாதி ரசம் பூசிய மற்றொரு கண்ணாடிக்கு அனுப்பும். பூசாத பாதி வழியே தொடுவானம் தெரியும். கையை நகர்த்த நகர்த்த விண்மீன் கீழிறங்கித் தொடுவானத்தைத் தொடும். கப்பல் ஆடினால் இரு காட்சிகளும் சேர்ந்தே ஆடும். எனவே அளவு கெடாது. கை ஒரு பாகை நகர்ந்தால் ஒளி இரு பாகை திரும்பும். ஆகவே 60 பாகை வில் 120 பாகை வரை அளக்கும்.

அளவில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு பிழைத்தால், கப்பல் இருப்பதாகக் கொண்ட இடம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், தள்ளிப் போகும். மணல்திட்டு நிறைந்த கரையில் அது உயிர்ப் பிரச்சினை அன்றோ?

தீர்க்கரேகைக்குத் துல்லியமான கடிகாரமும் வேண்டும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. கிரீனிச் நேரத்தைவிடச் சென்னையின் நேரம் சுமார் 5 மணி 21 நிமிடம் முந்தியது. அதாவது தீர்க்கரேகை 80¼ பாகை கிழக்கு. 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக்கூடம் வானியலோடு கடற்பயணத்திற்கும் துணைநின்றது.

இன்று நம் மீனவச் சகோதரர் கையிலும் ஜி.பி.எஸ். கருவி உள்ளது. ஆயினும் மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி தான் கைவிட்டிருந்த விண்மீன் பாடத்தை 2015-இல் மீண்டும் எடுத்துக்கொண்டது. அன்னை மரியாவைக் கடலின் விண்மீன் எனத் திருச்சபை அழைப்பதன் பொருள் கடலோடிகளுக்கு நன்கு விளங்கும். நம் பங்கின் இளைஞர்களே, முதிய மீனவரிடம் வானத்தைக் கேட்டறியுங்கள். அவ்வறிவு அவர்களோடு மறைந்துவிடலாகாது.