பூட்டும் ‘லாக்’கும்

ஒரு சொல் பிறமொழியில் குடியேறும்போது அதன் பொருள்கள் அனைத்தும் உடன்வருவதில்லை. எவை வந்தன, எவை நின்றுவிட்டன என்று ஆராய்ந்தால், வந்த காலத்தின் வரலாறு புலப்படும். பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் இவ்வாய்வுக்கு ஏற்ற சொல் ‘லாக்’ என்பதேயாகும்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் தாழையும் அடைப்பிடத்தையும் குறித்தது. உடன்படிக்கை, முடிவு என்னும் பொருள்களும் அதற்கு இருந்தன. கால்வாயில் நீர்மட்டத்தை ஏற்றியிறக்கிப் படகைக் கடத்தும் அமைப்பும், மற்போரில் எதிரியை அசையவிடாத பிடியும், துப்பாக்கியின் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொறியும் ‘லாக்’ என்றே பெயர்பெற்றன. கூந்தற்கற்றையைக் குறிக்கும் ‘லாக்’ ஒலியால் ஒத்த வேறு சொல்.

1790இல் கும்பினிப் படை திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கைப்பற்றியபோது அப்படையினர் ஏந்தியவை ‘ஃபிளிண்ட்லாக்’ துப்பாக்கிகள். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி ஆங்கிலேயர் வசமாயிற்று. எனினும் துப்பாக்கிப் பொறியின் பெயர் மக்கள் பேச்சில் தங்கவில்லை. தங்கியவை, காவல் நிலையத்தின் ‘லாக்கப்’பும் வங்கியின் ‘லாக்கர்’உம். ஆலையில் ‘லாக்அவுட்’ வந்தபோது தமிழ் அதனைக் கதவடைப்பு என்றது. 2020இல் ‘லாக்டவுன்’ வந்தபோது ஊரடங்கு, பொதுமுடக்கம் என்றது. கதவில் தொங்கும் பொருளோ பூட்டாகவே நின்றது. அதிகாரத்தோடு வந்த இடங்களிலேயே ‘லாக்’ நிலைத்தது. கைவினை நம்முடையதாக இருந்த இடத்தில் அதற்கு வேலையில்லை.

அன்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஆண்ட சொல் தாழ் என்பதாகும். பூட்டு என்னும் சொல்லோ மூடுவதை மட்டும் குறித்ததன்று, இணைப்பதையும் குறித்தது. வில்லில் நாண் பூட்டினர். தேரில் குதிரை பூட்டினர். மேனியில் அணி பூட்டினர். மங்கல நாண் அணிவித்தல் திருப்பூட்டு எனப்பட்டது. செய்யுளின் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் பொருளால் இணைவதைப் பூட்டுவிற்பொருள்கோள் என்றனர். விலங்கு பூட்டுதல் என்னும் கொடிய வழக்கும் இச்சொல்லுக்கு உண்டு. ஆயினும் இரண்டை ஒன்றோடொன்று பொருத்துதல் என்பதே இவை யாவற்றுக்கும் அடிப்படை.

திண்டுக்கல் சமவெளியின் உழவர்க்கு இப்பொருள் அன்றாட வாழ்க்கையாகும். ஏர் பூட்டினர், வண்டி பூட்டினர், கிணற்றுநீர் இறைக்கக் கமலையில் மாடு பூட்டினர். அதே சொல்லை நகரின் பட்டறைகள் இரும்பில் வடித்தன. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு அவற்றின் புகழ்பெற்ற படைப்பு. பூட்டின் உள்ளிருக்கும் லீவர் தகடுகள் ஒவ்வொன்றும் உரிய உயரத்திற்கு எழுந்தாலன்றித் தண்டு நகராது. அவ்வுயரத்திற்கேற்ப அரத்தால் ராவிச் சாவியின் பற்களை அமைப்பதில் இருக்கிறது கைவினைஞரின் திறம். பூட்டு தமிழ், ‘சாவி’ போர்ச்சுகீசியம் தந்தது, ‘லீவர்’ ஆங்கிலம் தந்தது. கைக்குள் அடங்கும் ஒரு பொருளில் மூன்று மொழிகளின் வரலாறு பொருந்தியிருக்கிறது.

2019இல் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் எந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகளோடும் அலிகார் பூட்டுகளோடும் போட்டியிட முடியாமல் கைவினைப் பட்டறைகள் முன்பே தளர்ந்துவிட்டன. தொழிலின் இழப்பு வெளிப்படையானது. சொல்லின் இழப்போ ஓசையற்றது. டிராக்டர் வந்தபின் ஏர் பூட்டுவோர் குறைந்தனர். பம்புசெட் வந்தபின் கமலை மறைந்தது. வண்டி மாடுகளும் அருகின. இணைத்தல் என்னும் பொருள் ஒவ்வொரு களத்திலிருந்தும் விலக, அடைத்தல் ஒன்றே எஞ்சுகிறது. ‘லாக்’ என்னும் சொல்லைத் தமிழ் தடுத்து நிறுத்தியது உண்மை. ஆனால் பூட்டு என்னும் தமிழ்ச்சொல்லே மெல்ல மெல்ல ‘லாக்’ ஆகி வருகிறது.

சொல்லை அகராதி காக்கும். பொருளை வழக்கே காக்கும். உழவரும் கொல்லரும் கைவிட நேர்ந்த பொருளுக்கு இனி எஞ்சிய களம் கவிதை. பூட்டு என்ற சொல்லை எழுதும் கவிஞர், அடைத்த கதவை மட்டும் காணாமல், ஒரே நுகத்தில் தோளிணைந்து நின்ற இரு மாடுகளையும் கண்டால், அச்சொல்லின் திறவுகோல் தொலையாது.